விரல் தொப்பி

போன வாரம் ரேஷன் கடை மெஷினில் கட்டைவிரல் ரேகை முதல் தடவையிலேயே விழுந்துவிட்டது என்று, பூரணி கடைக்காரர் சுப்பராயனுக்கே பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள் அல்லவா? அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு இவ்வளவு கம்மி என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

சந்தோஷப்பட்டதில் தப்பே இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் எட்டு வருஷமாகத் தோலின் ஓரத்தில் பசை தடவி மடித்து ஒட்டும் டேபிளில் நின்றவள் அவள். சாயங்காலமானால் விரலில் காய்ந்த பசையை, பெயின்ட் கரைக்கிற தின்னர் விட்டுத் தேய்த்தால்தான் போகும். பசை போகும்போது கூடவே ரேகையும் போய்விடும். விசாவுக்குப் பத்து விரலும் பதிய வேண்டும் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்புறம் ராத்திரி பகலாகத் தேங்காய் எண்ணெய், பாத்திரம் தேய்க்கக் கையுறை. "இன்னாடி இது, டாக்டரம்மா மாதிரி?" என்று ஆலங்காயத்திலிருந்து வந்துபோன மாமியார் ஜெயம்மாள் கேலி செய்ததையும் பொறுத்துக்கொண்டாள். விரல் நுனியில் மெல்ல மெல்லக் கோடுகள் திரும்பி வந்தன.

இன்றைக்கு அந்தப் பத்து விரலையும் மடியில் மடக்கி வைத்துக்கொண்டு, சென்னையில் விசா ஆபீசின் குளிர்ந்த ஹாலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் கார்முகிலன். எதிர்ச் சுவரில் ஒரு போர்டு.

போர்டில் எழுதியிருந்த இங்கிலீஷை அவள் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஒரு கையைப் படமாகப் போட்டிருந்தார்கள். விரல் நுனிகளெல்லாம் சிவப்பு. அந்தக் கையின் மேல் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

பூரணி போர்டிலிருந்து கண்ணை இறக்கினாள்.

மெதுவாக மடியிலிருந்த கையைப் பிரித்துப் பார்த்தாள். பத்து விரலுக்கும் தொப்பி போட்ட மாதிரி மருதாணி. கோவைப்பழ நிறத்தில், நகக்கண் வரைக்கும் ஏறி, பார்க்கிறவர்கள் கண் படும்படி சிவந்திருந்தது.

"இன்னாங்க, அந்த போர்டைப் பாருங்க."

"எது?"

"கை படம் போட்டிருக்குதே, அது."

கார்முகிலன் பார்த்தான். பார்த்த வேகத்தில் கண்ணை எடுத்துக்கொண்டான். "அதெல்லாம் சும்மா போட்டிருப்பாங்க. நீ டென்ஷன் ஆகாத."

ஆகாமல் எப்படி இருப்பாள்?

இந்த ஆறு மாதத்தில் அவர்கள் செய்யாத ஏற்பாடு உண்டா! பதிவு ஆபீசுக்கு நடையாய் நடந்து கல்யாண சர்டிபிகேட் வாங்கினார்கள். போகப்போகும் போர்ச்சுகலில் பல் டாக்டர் செலவு தாங்காது என்று யாரோ சொல்ல, வேலூருக்குப் போய் இருவரும் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்கூட்டரை விற்றாயிற்று. சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கட்டிலும் பீரோவும் ஆலங்காயத்தில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டன. வாடகை வீட்டை இந்த மாதக் கடைசியோடு காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, உருண்டை பிடித்துக்கூட வைத்துவிட்டாள். பூரணி போனில் பாடம் கேட்டு அந்த ஊர் பாஷையில் நன்றி சொல்லப் பழகியிருந்தாள். ஆண் சொன்னால் ஒப்ரிகாது, பெண் சொன்னால் ஒப்ரிகாதா. கார்முகிலன் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லி அவளிடம் திட்டு வாங்குவான்.

கார்முகிலன் ஆம்பூரில் சாம்பிள் ஷூவுக்குத் தோல் வெட்டும் அளவு அட்டையை, பேட்டர்னை, வெட்டுகிறவன். போர்ச்சுகலிலும் ஒரு ஷூ கம்பெனியில் அதே வேலை, மனைவியையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று ஏஜென்ட் பேப்பர் கொண்டுவந்தபோது, பூரணி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். போனால் ரெண்டு பேரும், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம்.

அதற்குக் காரணம் அவளுடைய அக்கா. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டிக்கொண்டிருந்த மாமா ராஜவேலு, "மொதல்ல நான் போறேன், அப்பறம் உன்ன கூப்பிட்டுக்கறேன்" என்று அக்கா கவிப்ரியாவிடம் சொல்லிவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறினார். இன்றுவரை அவர் கூப்பிடுவது போனில்தான். அக்கா பிள்ளைக்கு அப்பா என்றால் அது ஒரு செல்போன்.

ஜெயம்மாளோ ஆரம்பத்திலிருந்தே இதற்கு எதிர்க்கட்சி. "மொதல்ல அவன் போயி நாலு காசு பாக்கட்டும். பொம்பள எதுக்கு இப்பவே கூட ஓடணும்?" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! மூட்டை கட்ட ஒத்தாசை என்று போன வாரம் ஆம்பூருக்கு வந்தவள், நேற்றுச் சாயங்காலம் திடீரென்று அம்மியில் மருதாணி அரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கைய நீட்டு."

"இப்ப எதுக்கு அத்த? நாளைக்கு விசா ஆபீஸ் போகணும்."

"போயேன். வெறுங்கையோட போறதுக்கு மருதாணிக் கையோட போனா கொறஞ்சா போய்டுவ? நீட்டுன்னா நீட்டு."

பாக்கும் எலுமிச்சம்பழமும் சேர்த்து அரைத்திருந்தாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நுனியை முழுக்க மூடி, அழுத்தி அழுத்தி வைத்தாள். கடைசி விரல் முடிந்ததும் பூரணியின் தாடையை இடித்து, "நல்லா செவந்துச்சுன்னா புருஷனுக்கு ஆசை ஜாஸ்தின்னு அர்த்தம்டி" என்றாள். நாலு வருஷத்தில் மாமியார் அவளிடம் அப்படிக் கொஞ்சியது அதுதான் முதல் தடவை. பூரணி உருகிப் போனாள். விடிகாலையில் ரயிலில் கணவனிடம் கையை நீட்டிக் காட்டி, "பாத்தீங்களா?" என்று பெருமைப்பட்டாள். அவன் அந்தக் கையை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

இப்போது எல்லாம் பளிச்சென்று புரிந்தது பூரணிக்கு. கொஞ்சலாம் கொஞ்சல்! வாயால் தடுக்க முடியாததை மருதாணியால் தடுத்துவிட்டாள் கிழவி.

அவர்கள் டோக்கன் எண் திரையில் வந்தது.

கவுன்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் தமிழினி என்று பெயர் குத்தியிருந்தது. சிரித்த முகம். பேப்பர்களை வரிசையாக அடுக்கி, சரி பார்த்து, "சூப்பரா ரெடி பண்ணியிருக்கீங்க" என்று பாராட்டினாள். பிறகு பூரணியின் கையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்ன மேடம் இது?"

"நேத்துதான் வெச்சாங்க. ரேகை நல்லா இருக்குது மேடம், ரேஷன் கடையில ஒரே தடவையில விழுந்துச்சு. ஒருவாட்டி வெச்சுப் பாருங்களேன்."

வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் நாலு விரலை அழுத்தினாள். பச்சை விளக்கு எரியவில்லை. ஈரத் துணியால் துடைத்து வைத்தாள். சானிடைசர் போட்டுத் தேய்த்து வைத்தாள். இடது கை, வலது கை, கட்டைவிரல் தனியாக. ஒவ்வொரு தடவையும் மெஷின் சிவப்பாக ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூரணி சேலைத் தலைப்பில் விரலைப் போட்டுத் தேய்த்தாள், தோல் எரிகிற அளவுக்கு. மருதாணி அதற்கெல்லாம் போகிற சங்கதியா?

"விடுங்க மேடம், புண்ணாய்டப் போகுது" என்று தமிழினியே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உங்களுக்கு ஏற்கெனவே ரேகை மெலிசா இருக்கு. அதுமேல இந்தக் கலர் வேற. இது போனப்பறம்தான் எடுக்க முடியும். மருதாணி வெச்சுக்கிட்டு வரக்கூடாதுன்னு மெயில்லயே தெளிவா அனுப்பியிருந்தோமே. சார் மெயிலுக்குத்தான் வந்திருக்கும்."

"வந்திருக்கும்… கவனிக்கல" என்றான் கார்முகிலன்.

"இப்ப என்ன செய்யலாம் சார்? நீங்க மட்டும் குடுக்கறீங்களா? இல்ல, ரெண்டு பேருக்கும் சேர்த்து வேற தேதி பாக்கட்டுமா?"

பூரணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேறு தேதி! இவ்வளவுதானே! கொஞ்சம் தள்ளிப் போகும், போகட்டுமே. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போடுங்க என்று அவன் சொல்லப்போகிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் இப்பவே குடுத்துடறேன் மேடம்."

கண்ணாடியில் கையை வைத்தான். பச்சை விளக்கு முதல் தடவையிலேயே எரிந்தது. அவனுடைய பாஸ்போர்ட் உள்ளே போனது. பூரணியின் பாஸ்போர்ட்டைத் தமிழினி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நன்றி மேடம்" என்றாள் பூரணி. எந்தப் பாஷையில் சொன்னோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

கீழே வந்து, காவலாளியிடம் கொடுத்து வைத்த போன்களை வாங்கிக்கொண்டார்கள். வெயிலில் கண் கூசியது. "ஜூஸ் வாங்கினு வர்றேன், நீ இந்த நிழல்ல நில்லு" என்று கார்முகிலன் எதிர்ப்பக்கம் போனான். அவன் ரோட்டைத் தாண்டியதுதான் தாமதம், பூரணி மாமியாருக்குப் போன் போட்டாள்.

"பூரணி! இன்னாம்மா ஆச்சு? வேல முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நீங்க நெனச்ச மாதிரியே முடிஞ்சுது. இப்ப குளுகுளுன்னு இருக்குதா அத்த?"

"இன்னாடி பேசற நீ?"

"உங்க புள்ளைக்குக் கைரேகை எடுத்துட்டாங்க. எனக்கு எடுக்கல. மருதாணி வெச்ச கை ஆவாதாம். நான் போகக்கூடாதுன்னா மூஞ்சிக்கு நேரா சண்ட போட்டிருக்கலாமே! கொஞ்சிக் கொஞ்சி வெச்சீங்களே. அதை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது."

சொல்லிவிட்டு, கணவன் வருகிறானா என்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"பூரணி" என்றாள் ஜெயம்மாள். குரல் இறங்கியிருந்தது. "நீ போறது எனக்குப் புடிக்கலதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா சத்தியமா எனக்கு இது தெரியாதும்மா. மருதாணியை நான் எங்க போயி பறிச்சேன்? எனக்கு இந்தத் தெருவுல யாரைத் தெரியும்?"

"பின்ன?"

"உன் புருஷன்தான் பக்கத்து வூட்டு நசீமுன்னிசாகிட்ட கேட்டு ஒரு பை நெறயப் பறிச்சினு வந்தான். 'யம்மா, அவ ஊருக்குப் போகச்சொல்ல அழகாப் போகட்டும். பத்து வெரலுக்கும் நல்லா தொப்பி போட்டு வையி. நான் சொன்னேன்னு சொல்லாத, அவ வேணாம்பா'ன்னான். ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாடான்னு கூட நான் கேட்டேன். அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மான்னான். பொண்டாட்டி மேல இவ்ளோ ஆசை வெச்சிருக்கானேன்னு எனக்கே மனசு எளகிடுச்சு. அதனாலதான்டி உன்ன…"

அவள் முடிக்கவில்லை. சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"அட பாவி" என்றாள் ஜெயம்மாள், தனக்குத்தானே.

எதிர்ப்பக்கத்திலிருந்து கார்முகிலன் இரண்டு கையிலும் ஜூஸ் டம்ளரோடு, பஸ்சுக்கு வழிவிட்டு நின்று, ஜாக்கிரதையாக ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். பூரணி போனைப் பையில் போட்டாள்.

"உனக்கு ஐஸ் போடாம வாங்கினேன்" என்றான். அவளுக்கு ஐஸ் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். அந்த அக்கறையைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தெரிந்தவன் எப்படி அதைச் செய்தான்?

அழவில்லை. ஜூஸைக் குடித்தாள். சென்ட்ரலுக்கு ஆட்டோவில் போனார்கள். மத்தியான ரயிலில் எதிரெதிராக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருவள்ளூர் தாண்டியது, அரக்கோணம் தாண்டியது. அவன் வடை வாங்கிக் கொடுத்தான். அவள் தின்னவில்லை.

"பூரணி, ஏன் உம்முனு வர? மருதாணி போனதும் வேற தேதி வாங்கிக்கலாம். நான் முன்னாடி போயி எல்லாம் ரெடி பண்ணி வெக்கறேன்."

அவள் அவன் முகத்துக்கு நேராக இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"நல்லா செவந்திருக்குதில்ல?"

"ம்."

"புருஷனுக்கு ஆசை ஜாஸ்தியா இருந்தா நல்லா செவக்குமாம். அத்த சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "யாரு பறிச்சினு வந்ததுன்னும் சொன்னாங்க."

கார்முகிலனின் கையிலிருந்த வடை அப்படியே நின்றது. பேப்பரில் வடையை மறுபடி சுற்றி, மடித்து, ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தான், பேட்டர்ன் அட்டையை நீவுகிற மாதிரி.

"ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றான் கடைசியில்.

"எந்த ஊருக்கு? ஆம்பூர்ல வூட்டைக் காலி பண்றோம்னு சொல்லியாச்சு. வேலையை எழுதிக் குடுத்தாச்சு. எனக்குன்னு இப்ப எந்த ஊரு இருக்குது? சொல்லுங்க, எறங்கிக்கறேன்."

பக்கத்து இருக்கைக்காரர் மரியாதைக்காகத் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"அது ஷூ கம்பெனி இல்ல, பூரணி."

அவளுக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. "எது?"

"நான் போகப்போற எடம். அந்த ஷூ கம்பெனியில ஆர்டர் இல்லன்னு ஆளு எடுக்கறதை நிறுத்திட்டாங்க. போன மாசமே ஏஜென்ட் சொல்லிட்டாரு. அதுக்குப் பதிலா ஒரு பழத்தோட்டத்துல போட்டுக் குடுத்திருக்காரு. பிளாஸ்டிக் கொட்டாயிக்குள்ள குனிஞ்சினே பழம் பறிக்கணும். தங்கறதுக்கு லாரியில ஏத்துற இரும்புப் பெட்டி இருக்குதே, அந்த மாதிரி ஒண்ணு. அதுல எட்டு ஆம்பளைங்க. அங்க இருக்கற ஒரு பையன் வீடியோவுல காட்டினான். பேப்பர்ல உன்னையும் கூட்டினு வரலாம்னுதான் இருக்குது. படுக்க எடம்தான் இல்ல. உன்ன நான் எங்க வெப்பேன்?"

பத்து வருஷம் பேட்டர்ன் வெட்டிய கை, வடை சுற்றிய பேப்பரை இன்னும் நீவிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று கோபமும் வந்தது.

"போன மாசமே தெரியும். நான் எண்ணெய் தடவினு ஒக்காந்திருந்தேன். நீங்க பாத்துனு இருந்தீங்க."

"எப்படிச் சொல்றது? கம்பெனியில கேக்கு வெட்டி, மாலை போட்டு அனுப்பிட்டானுங்க. உங்க வூட்டுல, எங்க வூட்டுல, ஊரு பூரா சொல்லியாச்சு. எந்த மூஞ்சிய வெச்சினு இல்லன்னு சொல்லுவேன்? உங்கிட்ட வராதன்னு சொன்னா ஏன்னு கேப்ப. அதான்…" வடைப் பொட்டலத்தை ஜன்னலோரம் வைத்தான். "நான் மொதல்ல போறேன் பூரணி. ஒரு வருஷம். அங்கயே வேற ஷூ கம்பெனிக்கு மாறிட்டு உன்ன கூப்பிட்டுக்கறேன்."

கூப்பிட்டுக்கறேன்.

எந்த வார்த்தையைக் கேட்கக் கூடாது என்று அவள் ஆறு மாதமாக ஓடி ஓடி எல்லா வேலையும் செய்தாளோ, அந்த வார்த்தை அட்சரம் பிசகாமல் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அக்கா கவிப்ரியாவைப் போல அவளுக்கு அழத் தோன்றவில்லை. வேறு என்னவோ ஒன்று மனசை அறுத்தது.

வாலாஜா ரோடு ஸ்டேஷனில் வண்டி நின்று கிளம்பியது. கார்முகிலனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். அம்மா என்று திரையில் ஒளிர்ந்தது. எடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டான். நின்றது. மறுபடி அடித்தது.

"அந்த எடம் அவ்ளோ மோசம்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் பூரணி, நிதானமாக. "நான் போய்டக் கூடாதுன்னு என் பத்து வெரலுக்கும் தொப்பி போட வெச்சீங்க. பெத்த தாயையே ஏமாத்திப் போட வெச்சீங்க. சரி, எம்மேல இருக்கற ஆசையிலதான் செஞ்சீங்கன்னு நெனச்சுக்கறேன்."

"பூரணி…"

"அந்தப் பையில அவ்ளோ மருதாணி இருந்துச்சே. உங்க வெரலுக்கு ஏங்க நீங்க வெச்சுக்கல?"

கார்முகிலன் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். பத்து விரலும் ஒரு கறைகூட இல்லாமல் சுத்தமாக இருந்தன. மடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.